சி.ஆர். போட்ட நாலு வரிகள்

மார்ச் 3

டெக்சாஸில் நான் மாறப்போகும் யூனிவர்சிட்டியில் இருந்து டிரான்ஸ்ஃபர் மதிப்பீடு வந்துவிட்டது. கம்யூனிட்டி காலேஜில் உட்கார்ந்து படித்த பாடமெல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் க்ளெப் என்ற தேர்வு எழுதி கிரெடிட் வாங்கிய நாலும் ஏறவில்லை: அமெரிக்க வரலாறு ஒன்று, இரண்டு, சைக்காலஜி, காலேஜ் அல்ஜீப்ரா. மொத்தம் 12 கிரெடிட், முழுநேரம் படிப்பவருக்கு ஒரு செமஸ்டர்.

பழைய காலேஜ் டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தேன். மற்ற பாடங்களுக்கு நேரே ஏ, பி என்று இருக்கிறது, இந்த நாலுக்கும் சி.ஆர்., அதாவது கிரெடிட், என்று மட்டும். கிரேடு இல்லை, ஜி.பி.ஏ.வில் சேராது, என்ன ஸ்கோர் என்றும் இல்லை. அதைப் பார்த்து யாரால் என்ன முடிவு செய்ய முடியும்?

மார்ச் 5

போன் போட்டேன். இன்னொரு காலேஜ் கொடுத்த தேர்வு கிரெடிட்டை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லையாம், க்ளெப் நடத்தும் காலேஜ் போர்டில் இருந்து ஸ்கோர் நேராக வரவேண்டுமாம். கோபமாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்தால் நியாயம் இல்லாமலும் இல்லை. வகுப்பில் படித்த பாடம் என்றால் ஒரு வாத்தியார் கிரேடு போட்டிருப்பார். க்ளெப்பில் கையில் இருப்பது 20-க்கும் 80-க்கும் நடுவே ஒரு எண், அவ்வளவுதான். 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் சொல்வதும் பரிந்துரைதான், எந்தக் காலேஜும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

தேர்வு அன்று இலவசமாக ஒரு காலேஜுக்கு ஸ்கோர் அனுப்பலாம், என்னுடையது பழைய காலேஜுக்குப் போய்விட்டது. இப்போது காசு கட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஸ்கோரை 20 வருஷம் வைத்திருக்கிறார்கள், அந்த மட்டில் நிம்மதி.

மார்ச் 14

ஸ்கோர் போய்ச் சேர்ந்தது. சைக்காலஜி சரி, முதல் வரலாறும் சரி. இரண்டாவது வரலாற்றில் 53, இவர்கள் கேட்பது அதற்கு மேல், அதனால் பூஜ்யம். அல்ஜீப்ராவை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்ற கணக்கில். என் முக்கியப் பாடமான பிசினஸ் மேஜருக்கு அது பிரயோஜனமில்லை. ஒரே ஸ்கோர், ஒரே மாநிலம், பழைய காலேஜில் மூன்று கிரெடிட், இங்கே ஒன்றுமில்லை!

சாயங்காலம் மாடி வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவர் வேறொரு காலேஜ் ஆபீசில் வேலை பார்த்தவர். "நீ ஏம்மா ஒவ்வொரு ஸ்கோரா சண்டை போடுறே? கோர் முடிச்சிட்டியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

விஷயம் இதுதான். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் கோர் கரிகுலம் என்பது எல்லோரும் முடிக்க வேண்டிய பொதுப் பாடங்கள், 42 மணி நேரம், அதாவது 42 கிரெடிட். அதை ஒரு அரசுக் கல்லூரியில் முழுதாக முடித்துவிட்டால் அடுத்த அரசுக் கல்லூரி அதை மொத்தமாக ஏற்க வேண்டும், மாநிலச் சட்டமே அப்படி. தன் கோருக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே ஒவ்வொன்றாகப் பிரித்து இது வேண்டும் அது வேண்டாம் என்று பொறுக்கக் கூடாது. அரைகுறையாக விட்டுவிட்டு வந்தால்தான் பாடம் பாடமாகப் பார்ப்பார்கள்.

மார்ச் 17

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பழைய காலேஜ் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ். கவுன்டரில் இருந்த பெண் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அரசியல் பாடத்தில் நின்றார். டெக்சாஸில் அரசியலுக்கு ஆறு மணி நேரம் வேண்டும், மாநில அரசியலமைப்பும் அதில் அடக்கம். க்ளெப்பின் அமெரிக்க அரசியல் தேர்வில் டெக்சாஸ் வராது. நான் இரண்டையும் வகுப்பிலேயே படித்திருந்தேன், தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். 42-ம் இருக்கிறது. யாரும் கேட்காததால் முத்திரை விழவில்லை, அவ்வளவுதான். புது டிரான்ஸ்கிரிப்டின் அடியில் இப்போது 'கோர் கம்ப்ளீட்' என்று ஒரு வரி.

மார்ச் 28

புது டிரான்ஸ்கிரிப்ட் யூனிவர்சிட்டிக்குப் போனதும் வரலாறு சரியாகிவிட்டது. அந்த 53 இப்போது யார் கண்ணிலும் படவில்லை.

அல்ஜீப்ரா மட்டும் அப்படியே. கோர் வேறு, மேஜருக்கு முன்பு முடிக்க வேண்டிய பாடம் வேறு, அதில் டிபார்ட்மென்ட் வைத்ததுதான் சட்டம். அவர்கள் கேட்பது பிசினஸ் கணிதம், மேத் 1324. அதற்கு க்ளெப்பே இல்லை.

ஏப்ரல் 2

அக்கா பையனுக்கு மே மாதம் ஏ.பி. தேர்வு, ஹைஸ்கூலிலேயே காலேஜ் கிரெடிட்டுக்காக எழுதுவது. "எனக்கும் இப்படித்தானா ஆன்ட்டி?" என்று கேட்டான். 2015-ல் டெக்சாஸ் சட்டம் போட்டுவிட்டது, ஏ.பி.யில் 3 எடுத்தாலே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும், அதற்கு மேல் கேட்டால் காரணம் காட்ட வேண்டும் என்றேன். க்ளெப்புக்கு அப்படி ஒரு கோடு கிடையாது, இதில் என்ன நீதியோ! அவன் போக நினைப்பதோ வெளிமாநிலம். அங்கே இந்தச் சட்டம் செல்லாது, அந்தக் காலேஜ் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

ஏப்ரல் 9

மேத் 1324-க்குக் கோடையில் கம்யூனிட்டி காலேஜிலேயே இடம் பிடித்துவிட்டேன். டெக்சாஸ் காலேஜ்களுக்குப் பாட எண்கள் பொது என்பதால் இங்கே படித்தாலும் அங்கே படித்தாலும் 1324 என்றால் 1324தான், இருந்தாலும் அட்வைசரிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். பட்டத்தில் கால் பங்காவது, 120-க்கு 30 மணி நேரம், யூனிவர்சிட்டியிலேயே படித்தாக வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். அதற்கெல்லாம் இன்னும் நிறைய இருக்கிறது. ராத்திரி வகுப்பு, செவ்வாயும் வியாழனும். அந்த இரண்டு நாளும் சமையல் இவர்தான், சொல்லியாச்சு.