"பிள்ளை, அவரைக் கண்டனியோ?"

2022 ஜூலை 14, வியாழக்கிழமை இரவு, வேலை பிந்தி முடிந்து சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அம்மா அழைத்தார். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்றுதான் தொடங்குவார். அன்று எடுத்த எடுப்பில், "பிள்ளை, அவர் உங்கதான் வந்து இறங்கியிருக்கிறாராம். கண்டனியோ?" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் அதிகாலை இராணுவ விமானத்தில் மாலைதீவுக்குத் தப்பிய இலங்கைச் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச, அங்கிருந்து சவூதி விமானமொன்றில் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் தனிப்பட்ட பயணமாக வர அனுமதிக்கப்பட்டார் என்றும், புகலிடம் கேட்கவுமில்லை, வழங்கப்படவுமில்லை என்றும் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சு அறிவித்தது. அன்றிரவே அவர் தமது பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் சபாநாயகருக்கு அனுப்பினார். அதாவது, இலங்கையின் சனாதிபதி பதவியைத் துறந்தது நான் வாடகைக்கு இருக்கும் இந்த ஊரிலிருந்துதான். எதிர் இருக்கையில் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி தாயின் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கைகள் நடுங்கின. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையங்கள் போய்விட்டேன்.

அப்போது நான் சிங்கப்பூருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய்யுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனால், நூறாண்டுகளுக்கு முன் மலாயாவுக்கு எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்த யாழ்ப்பாணத்தவரின் பேரப்பிள்ளைகள் அருகில் நின்று கும்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் காலைதோறும் சொல்லும் தேசியப் பற்றுறுதியை முதலில் எழுதிய, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு. தேக்காச் சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் மெல்லிழைத்தாள் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு எவரும் உட்காரமாட்டார்கள் என்பதைக் கண்ட முதல் வாரம் நான் அடைந்த வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. நல்ல உணவுக்காக இந்த ஊர் மக்கள் முக்கால் மணி நேரம்கூட முகம் சுளிக்காமல் வரிசையில் நிற்பார்கள். நீளமான வரிசையைக் கண்டால், அங்கே ஏதோ ருசியாக இருக்கிறது என்று தேடிப்போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

2022 மார்ச் மாதத்திலிருந்து அந்த வரிசைகளைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. எரிவாயு வரும் என்ற வதந்தியை நம்பி, காலை நான்கு மணிக்கு வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வீதியோரத்தில் வைப்பார். வரிசை குலையாமல் இருக்கவும் இரவில் களவு போகாமல் இருக்கவும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் கோத்துப் பூட்டியிருந்தார்கள். அம்மாவின் சிலிண்டரில் வெள்ளை மையால் 212 என்று எழுதிய படத்தை அயல்வீட்டுத் தம்பி எனக்கு அனுப்பினான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிண்டரின் கைப்பிடியில் அம்மா தமது பழைய சேலைக் கரையொன்றைக் கிழித்து அடையாளத்துக்குக் கட்டியிருந்தார். என் பத்தாம் வகுப்புப் பரிசளிப்புக்கு உடுத்தி வந்த மயில்நீலச் சேலை அது. மூன்று நாள் நின்றும் அந்தச் சிலிண்டர் நிரம்பவில்லை. பின்னர் மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு.

இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 2019 இறுதியில் வரிகளை வெட்டி அரசின் வருமானத்தைக் கரைத்தார்கள். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து விவசாயிகளை முறித்தார்கள். கேள்வி கேட்கக்கூடிய இடங்களை அதற்கு இடையிலேயே அடைத்தார்கள். 2020 அக்டோபரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம், சுயாதீன ஆணைக்குழுக்களின் நியமனங்களையும் சனாதிபதியின் கைக்குள் கொண்டுவந்தது. ஓர் அண்ணன் பிரதமர், இன்னோர் அண்ணன் அமைச்சர், தம்பி நிதியமைச்சர், பெறாமகன் அமைச்சர். 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தபோது, அதற்கு மூன்று நாள் முன்னதாகவே கொழும்புக் கடலோரத்துக் காலிமுகத்திடலில், கோத்தாபய பதவி விலகக் கோரியவர்களின் கூடாரங்கள் முளைத்திருந்தன. இலவச உணவுக் கொட்டிலும் நூலகமும் முதலுதவிக் கூடாரமுமாக அது ஒரு கிராமமாகி, 'கோட்டா கோ கம' (கோட்டா போ கிராமம்) என்ற பெயரும் பெற்றது.

நான் இங்கிருந்து பரவசத்தோடு பேசினேன். அம்மாவின் குரலில் பரவசம் இல்லை. "எங்கட சனம் ரோட்டில இருக்கேக்க ஆர் வந்தவை?" என்று கேட்டார். என் பெரியம்மா 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரோடு இருந்து வருகிறார். மடியில் மகனின் படம். வெயிலில் வெளிறிய அந்தப் படத்தை இரண்டு தடவை புதிதாக அச்சடித்துவிட்டார்கள். போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தாபயவையே 2019இல் 69 லட்சம் பேர் வாக்களித்து அரியணை ஏற்றினார்கள். அப்போது வடக்கின் அச்சத்தை அவர்கள் கேட்கவில்லை. எரிவாயு தீர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள் என்பது அம்மாவின் வழக்கு. அந்த வழக்கை நான் இன்றுவரை தள்ளுபடி செய்யவில்லை. ஆனாலும் பிந்தியேனும் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைக்க என் மனம் இடம் தரவில்லை. இருவரும் தொலைபேசியில் சண்டையிட்டு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம்.

மே 18 அன்று அம்மாவே அழைத்தார். பின்னால் கடலின் இரைச்சல் கேட்டது. அயல்வீட்டு அக்காவோடு பேருந்தில் காலிமுகத்திடலுக்குப் போயிருந்தார். 2009இல் போரின் கடைசி நாள்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக அங்கே விளக்கேற்றினார்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நின்றார்கள். முற்றுகைக்குள் சனம் குடித்து உயிர்தாங்கிய, உப்பும் அரிசியும் நீருமான அந்தக் கஞ்சியை எல்லோருக்கும் வார்த்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளாகப் பொலிசார் தடுக்கத் தடுக்க, ஒளித்தும் மறைத்தும் காய்ச்சிய கஞ்சி, நாடாண்டவரின் செயலகத்துக்கு எதிரே, பட்டப்பகலில்! "ஊத்தித் தந்த பெட்டை சிங்களப் பிள்ளை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சமாவென்ன அம்மே எண்டாள். நான் ஒண்டும் சொல்லேல்லை. குடிச்சன்" என்றார். சற்று நேரம் கழித்து, "கடைசியா நிண்டவருக்கும் கிடைச்சது பிள்ளை. பார்த்துக்கொண்டு நிண்டனான்" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று ஒரு பிள்ளை சொன்னதால் பெரியம்மாவின் மகன் திரும்பிவரப்போவதில்லை. ஆனாலும் அன்றிரவு என் வீட்டுக் குசினியில் தாய்லாந்து அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தபோது, என் வாழ்வில் முதல் தடவையாக, அது அச்சமில்லாமல் தொண்டையில் இறங்கியது.

ஜூலை 9 சனிக்கிழமை. காலையிலிருந்து தொலைபேசியை மின்னேற்றியிலிருந்து கழற்றவேயில்லை. முதல் நாள் இரவு பொலிசார் போட்ட ஊரடங்கு, சட்டத்தரணிகள் சங்கம் எதிர்த்ததோடு காலையில் விலக்கப்பட்டது. பெற்றோல் இல்லாத நாட்டில் மக்கள் லொறியிலும் சைக்கிளிலும் நடந்தும் வந்தார்கள். காலியிலும் கண்டியிலும் நிலைய அதிகாரிகளோடு வாதாடி ரயிலை ஓடவைத்து வந்தார்கள். பிற்பகலில் சனாதிபதி மாளிகை அவர்களுடையதாயிற்று. நீச்சல் குளத்தில் குதித்தவர்களின் படத்தைத்தான் உலகம் பார்த்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது அடுத்த நாள்களில். ஒழுங்குபடுத்தியவர்கள் குப்பையைக் கூட்டி அள்ள, குடும்பம் குடும்பமாக மக்கள் மாளிகையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். மாதக்கணக்காக எரிவாயுவுக்கு நின்ற அதே மக்கள், அதே பொறுமையோடு, தங்கள் பணத்தில் பராமரிக்கப்பட்ட வீட்டைப் பார்க்க நின்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

அதன் பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. மறுநாள் சிங்கப்பூர்ப் பொலிசார், சட்டவிரோதப் பொது ஒன்றுகூடலில் பங்கெடுப்போர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று நினைவூட்டினார்கள். பேச்சாளர் முனை இருக்கும் ஹொங் லிம் பூங்காவில்கூட, குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இடமில்லை. எனக்கு வேலை தந்த ஊர். அதன் சட்டத்தை நான் மீறவில்லை, மீற விரும்பவுமில்லை. ஆனால் கோத்தாபய இங்கிருந்த நான்கு வாரங்களும் நான் பட்ட பாடு வேறு. ஓர்ச்சர்ட் சாலையில் நரைத்த தலையோடு மெலிந்த ஒருவரைக் கண்டாலே கால்கள் நின்றுவிடும். கண்டால் என்ன சொல்வேன் என்று ஒத்திகை பார்த்தேன். திட்டுவதற்கு என்னிடம் சொற்கள் ஏராளம் இருந்தன. ஆனாலும் பெரியம்மாவின் மகனுடைய பெயரையும் பிறந்த திகதியையும் மட்டும் சொல்லி, அவன் எங்கே என்று கேட்பதென முடிவு செய்திருந்தேன். ஜூலை 23 அன்று சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டம் என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள், 2009 போர்க்குற்றங்களுக்காக அவரைக் கைதுசெய்யக் கோரி 63 பக்க முறைப்பாடொன்றைச் சிங்கப்பூர்த் தலைமைச் சட்ட அதிகாரியிடம் கையளித்தார்கள். அந்தச் செய்தியைப் பெரியம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஆகஸ்ட் 11 அன்று கோத்தாபய தாய்லாந்துக்குப் பறந்துவிட்டார். நான் காணவேயில்லை.

இதற்கிடையே ஜூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்து காலிமுகத்திடல் கூடாரங்களைப் பிடுங்கினார்கள். அடுத்த மாதம் மாணவர் தலைவர்கள் மூவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார்கள். 1979இலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளை விழுங்கிய சட்டம் அது. "இப்ப அந்தத் தாய்மாருக்கும் விளங்கும்" என்று அம்மா சொன்னபோது, அவர் குரலில் பழிதீர்த்த மகிழ்ச்சி துளியுமில்லை.

சென்ற ஆண்டு அம்மா ஒரு மாதம் என்னோடு இருந்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை, வீட்டுக்கு அருகிலுள்ள உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப்போனேன். நான் மேசை பிடித்துவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணவில்லை. கோழிச்சோற்றுக் கடையின் முன் நீண்டிருந்த வரிசையின் வாலில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னே நின்ற சீனப் பாட்டியின் முதுகைப் பார்த்தபடி நின்றிருந்தார். என்ன விற்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது, அவர் சைவம். "அம்மா, இது கோழி" என்றேன். வரிசையை விட்டு விலக மனமில்லாமல், பின்னால் வந்து சேர்ந்த பள்ளிப் பையன்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, உவைக்கும் கிடைக்குமோ?" என்று கேட்டார்.