98 ரூபாய்ப் பெட்ரோல்

அப்பாவின் டிவிஎஸ் 50-ஐ நான்தான் கொன்றுவிட்டேன் என்று சனிக்கிழமை மதியம் வரை வீட்டில் பேசிக்கொண்டார்கள். கொன்றது நான் இல்லை, நாலு லிட்டர் பெட்ரோல் என்பது சாயங்காலம்தான் நிரூபணமானது. அதற்குள் என் முழங்கால் இரண்டும் போயிருந்தன.

எல்லாம் தண்ணீர் கேனால் வந்த வினை. மழையைச் சாக்கு வைத்துக் கேன்காரர் இரண்டு நாளாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்து அத்தை குடும்பத்தோடு வருவதாகப் போன். அத்தை குடும்பம் என்றால் தெரியுமில்லையா, பதினோரு பேர், அதில் ஒருவருக்கும் மோட்டார் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. என் ஸ்கூட்டரை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று கேட்கும் உரிமை 2023-லேயே என்னிடமிருந்து பறிபோய்விட்டது. அப்படியே ஸ்கூட்டர் இருந்தாலும், முன்னால் கேனை வைத்தால் என் முட்டிக்கு இடமிருக்காது. இருபது லிட்டர் கேன் இரண்டை அனாயாசமாகத் தூக்கிக்கொண்டு போகிற வண்டி எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. ஓசூரிலிருந்து 1980-ல் முதல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து இந்த ஊர் அதன்மேல் ஏற்றாத சரக்கா? நெல் மூட்டை, பால் கேன், கோழிக்கூண்டு, இரண்டு பிள்ளைகளோடு மனைவி. எங்கள் வண்டியில் ஒருமுறை கிரைண்டரே வந்திருக்கிறது. நானும் கூட வந்தேன், கிரைண்டருக்கு மேலே.

சரி, கிளப்புவோம் என்று போர்வையை உருவினேன். மேலே ஒரு பெட்ஷீட், அதன் கீழே ஒரு லுங்கி, அதன் கீழே சீட்டில் நம் பூனை. பூனை என்னைப் பார்த்த பார்வையில், வாடகை பாக்கி நான் வைத்திருப்பது போல இருந்தது. அதை இறக்கிவிட்டு, டயருக்குக் காற்றடித்து, ஸ்டாண்டைப் போட்டு, ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.

டிவிஎஸ் 50-ஐ ஸ்டாண்டில் நிறுத்தி மிதிப்பதன் அழகு, மிதிக்காதவர்களுக்குத் தெரியாது. சைக்கிள் போலவே மிதிக்கிறோம், வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் எதிர்வீட்டு வேப்பமரம் அதே இடத்தில் நிற்கிறது. இதற்கு மாதம் இரண்டாயிரம் கட்டி ஜிம்முக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாசலிலேயே முக்கால் மணி நேரம் போனேன்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. "சோக்கை இழு தம்பி" என்றார் ஒருவர். "சோக்கை எடுத்துடு, அடைச்சுக்கும்" என்றார் அவர் மனைவி. பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார் கீரைக்காரம்மா; அதை மட்டும் செய்தேன், ஏனென்றால் அவர் சொல்வது பொதுவாகச் சரியாக இருக்கும். மாடி வீட்டு இன்ஜினியர் சார் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் பெட்ரோல் இறங்கும் என்றார். சாய்த்தோம். அவர் சிவில் இன்ஜினியர் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சாய்த்ததில் மூடி ஓரமாகக் கொஞ்சம் கசிந்தது. உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"யார் வீட்டுலடா பெயின்ட் அடிக்கிறாங்க?"

அப்போதுதான் எனக்கும் மூக்கில் உறைத்தது. பெட்ரோலுக்கென்று ஒரு சுருக்கென்ற வாசனை உண்டே, பங்க்கில் நிற்கும்போது சின்னப் பிள்ளைகள் ரகசியமாக இழுப்பார்களே, அது இல்லை. பழைய மர பீரோவுக்கு வார்னிஷ் அடித்து வெயிலில் வைத்த வாசனை.

"அப்பா, இது எப்பப் போட்ட பெட்ரோல்?"

அப்பா ஈஸிசேரை விட்டு எழாமல் சொன்னார். "98 ரூபாய்ப் பெட்ரோல்டா அது."

எங்கள் வீட்டில் காலண்டர் கிடையாது, பெட்ரோல் விலைதான். 98 ரூபாய் என்றால் 2021 ஜூன். ஊரடங்கு சமயம். பெட்ரோல் நூறைத் தொடப்போகிறது என்று தினமும் செய்தி. அப்பா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, குரோம்பேட்டை பங்க்கில் போய் ஆயில் கலந்து வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்தார். வாய் வரைக்கும் என்றால் என்ன, நாலு லிட்டர். ஆனால் அவர் வந்து இறங்கிய தோரணையில் மணலி சுத்திகரிப்பு ஆலையையே விலை பேசி முடித்துவிட்டு வந்தவர் போல இருந்தது.

அவருக்கு இது ரத்தத்தில் ஊறியது. அந்தக் காலத்தில் நள்ளிரவு முதல் விலை உயர்வு என்று ரேடியோவில் சொன்னால் போதும், பத்து மணிக்கே பங்க் வரிசையில் நிற்பார். எங்களுக்குத் தீபாவளிக்கு முந்தின இரவு எப்படியோ, அவருக்கு அது அப்படி. நாலு லிட்டரில் இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒன்றரை மணி நேரம் நின்று, திரும்பி வந்து, தூங்குகிற எங்களை எழுப்பிச் சொல்வார். 2017 ஜூன் மாதம் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று கொண்டுவந்தார்களே, அன்றைக்கு அவருக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பே போய்விட்டது. தினம் பத்து பைசா, இருபது பைசா ஏறினால் மனுஷன் எந்த ராத்திரி போய் வரிசையில் நிற்பது?

அதனால்தான் அந்த 2021 ஜூன் அவருக்கு முக்கியம். ஜூலை 2-ஆம் தேதி சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. அன்று காலை அப்பா வாசலுக்குப் போய் டேங்க்கைத் தட்டிக் கொடுத்ததை நானே பார்த்தேன். "நம்மகிட்ட ஸ்டாக் இருக்கு" என்றார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 13, மாநில பட்ஜெட்டில் லிட்டருக்கு மூன்று ரூபாய் வரியைக் குறைத்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் பாத்ரூமில் வழுக்கி முட்டியில் அடி. டாக்டர் இருசக்கர வண்டியைத் தொடக் கூடாது என்றார். ஒரு மாதம் போகட்டும் என்றார் அப்பா. ஒரு மாதம் நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வண்டி போர்வைக்குள் போனது, பூனை குடிவந்தது, பெட்ரோல் உள்ளேயே ஊறியது.

"பெட்ரோல் கெட்டுப்போச்சுப்பா" என்றேன்.

"டேய், பூமிக்கு அடியில கோடிக்கணக்கான வருஷம் கெடாம இருந்தது, என் டேங்க்ல நாலு வருஷத்துல கெட்டுப்போயிடுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்ஜினியர் சாரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் கடை இரண்டு தெரு தள்ளித்தான். நான் ஹேண்டிலைப் பிடித்து இழுக்க, அப்பா பின்சீட்டில் ஒரு கை வைத்து, இன்னொரு கையில் தடியோடு கூடவே வந்தார். மாட்டாஸ்பத்திரிக்குக் காளையை ஓட்டிப் போவது போல இருந்ததாக அப்புறம் கீரைக்காரம்மா சொன்னார்.

மெக்கானிக் மூடியைத் திறந்தார், ஒரு தடவை மோந்தார், மூடினார். நாடி பிடித்த வைத்தியர் வீட்டுக்காரர்களைப் பார்ப்பாரே, அப்படி எங்களைப் பார்த்தார். ரப்பர் குழாயைப் பிடுங்கப் போனால் அது முறுக்கு மாதிரி ஒடிந்தது. ஒரு காலி வாட்டர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே கடுங்காப்பி நிறம். அடியில் ஓர் அங்குலத்துக்குக் கலங்கலாக வேறு என்னவோ தனியாக நின்றது. குலுக்கினால் கலந்து, வைத்தால் மறுபடி பிரிந்தது.

"தண்ணி" என்றார்.

"தண்ணியா? நான் பெட்ரோல்தானேப்பா போட்டேன்" என்றார் அப்பா. குரலில் பங்க்காரரைச் சந்தேகிக்கிற தொனி.

"பங்க்ல ஊத்துனது இல்லீங்கய்யா. காத்துல இருந்து வந்தது."

பெட்ரோலில் எத்தனால் என்கிற ஆல்கஹாலைக் கலக்கிறார்கள் இல்லையா, கரும்பிலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுப்பது. அப்போது பத்து சதவீதத்துக்குள் இருந்தது, இப்போது இருபது. அதற்கு ஈரத்தைக் கண்டால் விடாது. நம் சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, ஓர் அளவுக்கு மேல் தாங்காமல், அந்தத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு டேங்க்குக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். இன்ஜினுக்குப் போகிற குழாய் இருப்பதும் அடியில்தான். முக்கால் மணி நேரம் நான் மிதித்து மிதித்து இன்ஜினுக்கு ஊட்டியது இந்தக் கஷாயத்தை.

மெக்கானிக் இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் அப்பா முகம் மாறிப்போனது.

"சாராயமா? நாலு வருஷமா வாசல்ல சாராயமா வெச்சிருந்தேன்?"

ஜென்மத்தில் இருமல் மருந்தைக்கூட லேபிள் படித்துவிட்டுக் குடிக்கிற மனுஷர்.

பாக்கி இருந்த பெட்ரோலும் உதவாது என்றார் மெக்கானிக். "பெட்ரோல்ல லேசான சரக்கு, கனமான சரக்குன்னு நெறைய கலந்திருக்கும்யா. டக்குனு பத்திக்கிறது அந்த லேசானதுதான். மூடியில காத்து போக ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அது வழியா மொதல்ல கெளம்பிப் போறதும் அதுதான். மிச்சம் கெடக்கறது காத்து பட்டுப் பட்டு கோந்தாயிடும். ரெண்டு மூணு மாசம்னாலே யோசிக்கணும். நீங்க நாலு வருஷம்ங்கறீங்க."

கோந்து என்று சும்மா சொல்லவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் இருந்த சின்னக் கிண்ணத்தைத் திறந்து நீட்டினார். பெட்ரோல் ஆவியாகிப் போக, கலந்த ஆயிலும் பிசினும் மிஞ்சிப் பச்சையும் பழுப்புமாக லேகியம் மாதிரி அப்பியிருந்தது. மிதக்க வேண்டிய ஃப்ளோட் அதில் லேகியத்தில் விழுந்த ஈயைப் போல அசையாமல் கிடந்தது. பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு, நகக்கண் அளவுதான் இருக்கும். அதன் நடுவில் ஓட்டை இருக்கிறது என்று அவர் சொன்னதால் நம்பினேன். பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒற்றை இழையை உருவி, அதில் நுழைத்து, எடுத்து, ஊதி, மறுபடி நுழைத்து, வானத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வெளிச்சம் தெரியுது" என்றார்.

டேங்க்கைக் கழுவி, புது டியூப், புது பிளக், கார்புரேட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். பழைய பெட்ரோலை மெக்கானிக் தன் கேனில் ஊற்றிக்கொண்டார், செயின் கழுவ ஆகுமாம். அங்கேதான் அப்பா விழித்துக்கொண்டார். நாலு லிட்டர், லிட்டர் 98, ஆக 392 ரூபாயை பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னார். பத்து நிமிஷம் பேச்சுவார்த்தை. மெக்கானிக் ஐம்பது ரூபாய் குறைத்தார், பெட்ரோலுக்காக இல்லை, அப்பாவைக் கடையை விட்டு அனுப்புவதற்காக.

வரும் வழியில் நான் கணக்குப் போட்டேன். இன்றைய விலைக்கும் அன்றைய விலைக்கும் லிட்டருக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம் வித்தியாசம். நாலு லிட்டருக்குப் பத்து ரூபாய் லாபம். நாலு வருஷக் காத்திருப்புக்குப் பத்து ரூபாய். அதற்கு எங்கள் முனைக் கடையில் டீ வராது. சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் புது பெட்ரோல் ஊற்றிய வண்டி என் கையில் ஓடிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்து வந்தார். சொல்லவில்லை. வீட்டு வாசலில் இரண்டு தண்ணீர் கேன் இருந்தன. நாங்கள் போன அஞ்சாவது நிமிஷம் கேன்காரர் வந்து போட்டுவிட்டுப் போனாராம்.

மெக்கானிக் போகும்போது மூன்று புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு லிட்டருக்கு மேல் போடாதீர்கள், தீரத் தீரப் போடுங்கள். நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள், கார்புரேட்டரில் சொட்டு இருக்காது. வாரம் ஒரு தடவையாவது யாராவது ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்பா காதில் விழுந்தது கடைசிதான், அதுவும் அரைகுறையாக.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் ஜன்னலுக்கு வெளியே ட்டுட்டுட்டு என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. அவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குகிறார், விடுகிறார், எதிரில் லாரி வருகிற மாதிரி ஒரு ஹாரன். அம்மா காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்று, பின்னால் கேரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கோம்?"

"பல்லாவரம் தாண்டியாச்சு."

"மெதுவாவே போங்க, அவசரமில்ல."

புகை முழுக்க என் அறைக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

இப்போது புதுப் பிரச்சினை. விலை ஏறப் போகிறதாக யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி என்னிடம் பணத்தைக் கொடுத்து, வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு வா என்றார். மெக்கானிக் சொன்னதை நினைத்துக்கொண்டு ஒரே லிட்டர் போட்டு, நிரப்பியாச்சு என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டியில் பெட்ரோல் முள் கிடையாதே என்ற தைரியம்தான். சற்று முன் துடைப்பத்தை யார் பிரித்தது என்று அம்மா கத்தினாள். வாசலில் போய்ப் பார்த்தால், அப்பா டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஓர் ஈர்க்குச்சியோடு நிற்கிறார்.