ரன்ஜீஸில் ஒரு அதிகாலை: சிங்க இறால் வாங்கிய கதை

வருடக் கடைசி விருந்துக்குச் சிங்க இறால் வாங்கும் பொறுப்பு போன முறை என் தலையில் விழுந்தது. பாரிஸில் இத்தனை வருடம் குசினி வேலை செய்தும், பெட்டி வந்து இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். "பிரெத்தோன் நீலம் வேணும், விலையும் கட்டுப்படியாக வேணும்" என்றார் முதலாளி (பிரான்சின் வடமேற்கே பிரெத்தாஞ் கரையில் பிடிபடும் கருநீலச் சிங்க இறாலுக்குத்தான் அந்தப் பெயர்). இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ரன்ஜீஸ் மொத்தச் சந்தையில் மீன் மண்டபம் அதிகாலை 2 மணிக்குத் திறக்கும். கடைப் பதிவைக் காட்டி எடுத்த அட்டை இருந்தால்தான் வாங்கலாம். டிசம்பர் 29, கடும் குளிர். உள்ளே போய் விலைப்பலகையைப் பார்த்ததும் இன்னும் குளிர்ந்தது. நீலச் சிங்க இறால், கனடா இறாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

வியாபாரி நல்ல மனுசன், விளக்கம் சொன்னார். கோடையில் கடலில் இறக்கும் கூடுகளில் நீல இறால் நன்றாக விழும். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் சின்னப் படகுகள் துறைமுகத்தை விட்டு நகராது. அதே நேரத்தில்தான் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி மூன்றும் பண்டிகைக்குக் கேட்டு நிற்கும். கூடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் பயனில்லை. தலை ஓடு 87 மில்லிமீட்டர் இல்லாததைக் கடலில் விட வேண்டும். அந்த அளவுக்கு வளரவே ஐந்தாறு வருடமாகும். கனடாவில் பெரிய பருவம் நவம்பர் கடைசியில்தான் தொடங்குகிறது, அதனால் அவர்களிடம் சரக்குக்குக் குறைவில்லை. கனடா இறாலுக்கு ஐரோப்பாவில் இருந்த 8 சதவீத இறக்குமதி வரியும் 2017 செப்டம்பரோடு போய்விட்டது.

பெட்டியில் உள்ள சீட்டைப் படிக்கவும் அவரே சொல்லித் தந்தார். அதில் பிடித்த கடற்பகுதியின் எண் இருக்கும்: 27 என்று இருந்தால் வடகிழக்கு அத்திலாந்திக், 21 என்றால் கனடா, அமெரிக்கா பக்கம். அடுத்த பெட்டியிலும் 27தான், அதே கருநீலம், விலை மட்டும் கொஞ்சம் குறைவு. அயர்லாந்துச் சரக்கு! இனம் ஒன்றுதான், பிரெத்தோன் என்ற பெயருக்குத்தான் அந்த மேலதிகக் காசு. முதலாளிக்குப் போன் அடித்து மெனுவில் 'பிரெத்தோன்' என்பதை எடுக்கச் சொன்னேன். தூக்கத்தில் சம்மதித்துவிட்டார்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். வாலைச் சுருட்டிப் படபடவென்று அடித்தால் எடுப்பேன், கொடுக்குத் தொங்கினால் வைத்துவிடுவேன். (எங்கள் யாழ்ப்பாணத்துச் சிங்க இறாலுக்குக் கொடுக்கே இல்லை, மீசைதான். ரப்பர் பட்டி போட்ட இந்தக் கொடுக்கு இன்னும் எனக்குப் புதினம்.) சூப்புக்கு ஒற்றைக் கொடுக்கு இறால் ஆறு எடுத்தேன். அழகில்லை என்று அதை மலிவாகத் தருகிறார்கள், ருசியில் வித்தியாசமில்லை.

குசினிக்கு வந்ததும் ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். இரண்டு சோர்ந்த மாதிரித் தெரிந்தது. பாவம் என்று வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து அதற்குள் விட்டேன். கடல் பிராணிக்கு நல்ல தண்ணீர் விஷம் என்று பெரிய சமையல்காரர் வந்து கத்தும்போது இரண்டும் அசையவில்லை. சமைக்குமுன் செத்ததைப் பரிமாற முடியாது, குப்பைக்குத்தான். ஒற்றைக் கொடுக்கில் மிச்சம் பிடித்த காசு அதோடு சரி.