எத்திக்ஸ் பேப்பர்: மூணு தியரியையும் ஒரே கேஸ்ல உக்கார வச்ச கதை

எத்திக்ஸ் முதல் கோர்ஸ் எடுத்தா கடைசி அசைன்மென்ட் பெரும்பாலும் இதுதான், யூட்டிலிடேரியனிசம் (மொத்தத்துல அதிக நன்மை தர்றதே சரி), கான்ட் (விளைவைப் பாக்காம கடமையைச் செய்), வர்ச்சூ எத்திக்ஸ் (நல்ல குணம் உள்ளவரா இரு) மூணையும் ஒப்பிடு, உன் நிலைப்பாடு என்னன்னு சொல்லு. நான் எழுதி முடிச்ச விதத்தை இங்க போடறேன், இனிமே எழுதப் போறவங்களுக்கு ஆகும்.

முதல்ல கேஸ். நிறைய பேர் தியரியை விளக்கி முடிச்சிட்டு கடைசில ஒரு உதாரணம் ஒட்டுவாங்க, நான் உதாரணத்தைப் பிடிச்சிட்டுதான் படிக்கவே ஆரம்பிச்சேன். கொலை, திருட்டு மாதிரி எடுத்தா மூணு தியரியும் தப்புன்னு ஒரே குரல்ல சொல்லிடும், அப்புறம் ஒப்பிட என்ன இருக்கு? டிராலி கேஸும் (ஓடி வர்ற டிராலியைத் திருப்பினா அஞ்சு பேர் பிழைப்பாங்க, ஒருத்தர் சாவார்) எனக்கு சரிப்படல, லீவரை இழுக்கலாமா வேணாமான்னு ரெண்டு செகண்ட்ல முடிவு பண்ற இடத்துல ஒருத்தரோட குணத்தைப் பத்திப் பேச இடமே இல்ல (வேடிக்கை என்னன்னா 1967ல அந்தக் கேஸைக் கொண்டு வந்த பிலிப்பா ஃபூட்டே வர்ச்சூ எத்திக்ஸை திரும்ப உயிர்ப்பிச்சவங்கள்ல ஒருத்தர்). கடைசில பழைய கேஸ் ஒண்ணை எடுத்துக்கிட்டேன்: சாகக் கிடக்கிற நண்பர் உங்ககிட்ட ஒரு பெரிய தொகையைக் கொடுத்து இன்னாருக்குச் சேர்த்துடுன்னு கேக்கறார், நீங்களும் சத்தியம் பண்ணிட்டீங்க, அவர் போயிட்டார். வேற யாருக்கும் தெரியாது. அந்த இன்னார் நல்ல வசதியா இருக்கார், அதே பணத்தை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தா நிறைய பேருக்கு நல்லது. என்ன செய்வீங்க?

"யாருக்கும் தெரியாது"ங்கற அந்த ஒரு வரிதான் இந்தக் கேஸோட உயிர். யூட்டிலிடேரியன்கிட்ட போய் வாக்கை மீறலாமான்னு கேட்டா வழக்கமா வர்ற பதில், மீறினா ஜனங்களுக்கு வாக்கு மேலயே நம்பிக்கை போயிடும், அதனால மொத்தத்துல நஷ்டம்னு. இங்க அந்தக் கதவை மூடியாச்சு. யூட்டிலிடேரியனிசத்தோட முன்னோடி பெந்தம் (1789) பாணில இன்பதுன்பக் கணக்கு போட்டா, எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எத்தனை பேருக்குன்னு எப்படிப் பாத்தாலும் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அப்போ ரூல் யூட்டிலிடேரியன் உள்ள வருவார், தனிச் செயலைப் பாக்காத, வாக்கைக் காப்பாத்தணும்ங்கற விதி பொதுவா நல்லது செய்யுது, அதனால காப்பாத்துன்னு. கேக்க நல்லா இருக்கும், ஆனா நல்லது செய்யறதுக்குத்தான் விதின்னா, இந்த ஒரு தடவை மீறினாதான் நல்லதுன்னு கண்ணு முன்னாடி தெரியும்போது எதுக்கு விதியைக் கட்டிக்கிட்டு அழணும்? ஸ்மார்ட்ங்கற தத்துவவாதி இதை விதி வழிபாடுன்னே கிண்டல் பண்ணார். என் பேப்பர்ல இந்த இடத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் போச்சு, போனது சரிதான்.

அடுத்து கான்ட், எனக்கு அதிக நேரம் பிடிச்சது இவர்தான். 'எல்லாரும் இப்படிப் பண்ணா என்ன ஆகும், உலகம் கெட்டுப் போயிடும், அதனால பண்ணாத', இதுதான் கான்ட்னு நிறைய நோட்ஸ்ல இருக்கும். அது கான்ட் இல்லவே இல்ல, அது ரூல் யூட்டிலிடேரியனிசம் வேஷம் போட்டுட்டு வர்றது. 1785ல அவர் சொன்னது விளைவு மோசமாகும்னு இல்ல, அந்தக் கொள்கையை எல்லாருக்கும் பொதுவாக்கினா அது தன்னையே வெட்டிக்கும்னு. திருப்பித் தர எண்ணமே இல்லாம கடன் கேக்கறவரோட உதாரணம் அவரே கொடுத்தது: எல்லாரும் அப்படிப் பொய் வாக்கு கொடுத்தா வாக்குன்னு ஒண்ணே இருக்காது, அப்போ அதை வச்சு ஏமாத்தவும் முடியாது. ஆனா நம்ம கேஸ்ல சத்தியம் பண்ணும்போது மனசார பண்ணது, பின்னாடிதான் மனசு மாறுது, அதனால அந்த உதாரணத்தை அப்படியே தூக்கி வைக்க முடியல. இதுல இன்னொரு வம்பு, கொள்கையை எவ்வளவு குறுக்கி எழுதறோமோ அவ்வளவு சுலபமா அது டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். "ரகசியமா இருந்து, வாங்கறவர் வசதியா இருந்து, பக்கத்துல ஆஸ்பத்திரி இருந்தா மீறலாம்"னு எழுதிட்டா எதை எதிர்த்து நிக்கறது? அதனால நான் கான்ட் தன் விதியைச் சொன்ன ரெண்டாவது வடிவத்துக்குப் போனேன், மனுஷனை வெறும் கருவியா மட்டும் நடத்தாதங்கறது. இதுல "மட்டும்"ங்கற வார்த்தையை விட்டுட்டா தியரியே கேலிக்கூத்தாயிடும், ஏன்னா ஒருத்தரை ஒருத்தர் பயன்படுத்திக்காம ஒரு நாள்கூட ஓடாது. நம்ம கேஸ்ல வாக்கை மீறினா, நம்பிப் பணம் கொடுத்த நண்பரை வெறும் கருவியா மட்டும் நடத்தின மாதிரி ஆயிடும்.

வர்ச்சூ எத்திக்ஸுக்கு வந்தா அரிஸ்டாட்டிலோட நடுநிலையை (நற்குணம்ங்கறது அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவுல இருக்குங்கறது) எல்லாத்துலயும் மிதமா இருக்கறதுன்னு எழுதிடாதீங்க, திருட்டு, கொலை மாதிரி சிலதுக்கு நடுநிலையே கிடையாதுன்னு அவரே சொல்றார். நம்ம கேஸ்ல விசுவாசமும் தாராள குணமும் ஒண்ணோட ஒண்ணு மோதுது, விவேகம் உள்ளவர் சூழ்நிலையைப் பாத்துத் தீர்மானிப்பார்ங்கறது பதில். வழவழன்னு இருக்குன்னு தோணும், எனக்கும் தோணிச்சு. ஆனா மத்த ரெண்டுலயும் கிடைக்காத ஒண்ணு இதுல இருக்கு. ஸ்டாக்கர்ங்கற தத்துவவாதி 1976ல சொன்ன உதாரணம்: ஆஸ்பத்திரில படுத்திருக்கீங்க, நண்பர் பாக்க வர்றார், நீங்க சந்தோஷப்பட்டா, கடமைன்னுதான் வந்தேன்னு சொல்றார். செஞ்சது சரிதான், ஆனா உங்களுக்கு மனசு விட்டுப் போகுமா இல்லையா? செயல் சரியா தப்பாங்கறதோட கதை முடியலன்னு காட்டறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

எழுதும்போது ஒரே ஒரு ரூல் வச்சுக்கிட்டேன், தீர்ப்பை ஒப்பிடக் கூடாது, காரணத்தை ஒப்பிடணும். பணத்தை உரியவர்கிட்ட சேர்த்துடுன்னு கான்ட்டும் சொல்லலாம், ரூல் யூட்டிலிடேரியனும் சொல்லலாம், ஆனா ஒருத்தருக்கு அந்த நண்பர் முக்கியம், இன்னொருத்தருக்கு விதியால வர்ற பலன் முக்கியம். முதல்ல டேபிள் போட்டேன், அதுல இது எதுவும் நிக்கல, கிழிச்சிட்டு பத்தியா எழுதினேன்.

நிலைப்பாடுன்னு வரும்போது மூணையும் விட்டுட்டு ராஸ்ங்கற தத்துவவாதி (1930) பக்கம் சாய்ஞ்சேன். வாக்கைக் காக்கறது ஒரு கடமை, நல்லது செய்யறது இன்னொரு கடமை, ரெண்டும் முதல் பார்வைக்குக் கட்டுப்படுத்தும், மோதும்போது எது கனமோ அது ஜெயிக்கும், அதுக்கு ஃபார்முலா இல்ல. டிராஃப்டைப் பாத்த டீச்சர் ஓரத்துல "அப்போ எத்தனை உயிர் காப்பாத்தினா வாக்கை மீறலாம்?"னு கேட்டு வச்சிருந்தாங்க. நம்பர் தர முடியாது, ஒரு உயிர் நிச்சயமா பிழைக்கும்னாலே மீறலாம்னு எழுதினேன், ஆனா மீறினதோட கணக்கு தீர்ந்துடாது, பணம் போய்ச் சேர வேண்டியவர்கிட்ட நேர்ல போய் நடந்ததைச் சொல்ற கடன் பாக்கி இருக்கும்னும் சேர்த்தேன். மீறலாம்னு சொல்ற யூட்டிலிடேரியன் கணக்குல அப்படி ஒரு பாக்கியே விழாது, நான் ராஸ் பக்கம் போனதுக்கு அதுதான் காரணம்.