திருமதி ஏபி-க்கு ஒரு அறை

மதுரை மீனாட்சியைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்வதை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் அத்தையும் சேர்ந்துகொண்டு, "இப்பப் போகாம எப்பப் போறது, முட்டி ரெண்டும் தேஞ்சப்புறமா?" என்று கேட்டுவிட்டார். சரி என்று மலேசியாவில், பட்டர்வொர்த் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, மூன்று சிவப்புக் கடப்பிதழ்களைப் பக்கத்தில் அடுக்கி உட்கார்ந்தேன். விமான டிக்கெட் அரை மணி நேரத்தில் முடிந்தது. தங்கும் அறைதான் இழுத்தடித்தது.

அறைச் செலவு தன்னுடையது என்று அத்தை பிடிவாதமாகச் சொன்னதால் முன்பதிவை அவர் பெயரிலேயே போட்டேன். முதல் முட்டுக்கட்டை அங்கேயே. நம் மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று தனித்தனியாக இல்லை, பெயர், நடுவில் 'மகள்' என்பதற்கு ஏ/பி, அப்புறம் அப்பா பெயர், அவ்வளவுதான். அந்தப் படிவத்துக்கோ இரண்டு கட்டங்கள் வேண்டும், சாய்கோடும் ஆகாது. சாய்கோட்டை எடுத்துவிட்டு ஏபி என்று சேர்த்து எழுதி எப்படியோ உள்ளே தள்ளினேன். பத்து நிமிஷத்தில் உறுதிக் கடிதம் வந்தது: "அன்புள்ள திருமதி ஏபி." அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயரே அதுதான்.

அதே படிவம் கடப்பிதழ் எண்ணையும் கேட்டது. கொடுத்தேன். பெரிதாக யோசிக்கவில்லை, ஹாட்யாய்க்குப் போகும்போதெல்லாம் கொடுப்பதுதானே. அங்கே மேசையில் உள்ளவர் கடப்பிதழை வாங்கி நகலெடுத்துத் திருப்பித் தந்துவிடுவார். தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இடம் கொடுத்தவர் குடிநுழைவுத் துறைக்குச் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் அந்த நகல்.

இரண்டு நாள் கழித்து அந்த மதுரை விடுதியிலிருந்து வாட்ஸ்அப். மூன்று பேரின் கடப்பிதழ் முன்பக்கம், பின்பக்கம், விசா, எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். விசாவுக்கு நான் இன்னும் விண்ணப்பமே போடவில்லை! அத்தை "கேட்டா அனுப்பிவிடு, நம்ம ஊருக்காரங்கதானே" என்றார். தம்பி "ஒன்னும் அனுப்பாதே, எல்லாம் திருட்டு" என்றான். இரண்டு பேருமே பாதி சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்குப் புரியவைத்தது சித்தி மகள். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் முன்மேசையில், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். "அக்கா, நாங்களும்தான் கேக்குறோம்" என்று ஆரம்பித்தாள். நம் நாட்டில் விருந்தினர் பதிவுக்கென்று 1965-லிருந்தே சட்டம் இருக்கிறதாம். அதற்கு மேல் 2017 செப்டம்பர் 1 முதல் சுற்றுலா வரி, வெளிநாட்டுக்காரர் என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மலேசியர், நிரந்தரவாசி என்றால் கிடையாது. யார் எந்த நாட்டுக்காரர் என்று ஐசியையோ (நம் அடையாள அட்டை) கடப்பிதழையோ பார்க்காமல் எப்படித் தெரியும்? மேசைக்கு வந்து சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த 10 ரிங்கிட்டுக்குத்தான் போடுகிறார்கள் என்றாள்.

இந்தியாவிலும் அடிப்படை அதேதான், ஆனால் இன்னும் கறார். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி இணையத்தில் பதிவேற்ற வேண்டும். ஃபார்ம் சி என்றுதான் எல்லா விடுதிக்காரரும் சொல்கிறார்கள். கடப்பிதழ் எண், அது எங்கே எப்போது கொடுக்கப்பட்டது, எப்போது முடிகிறது, விசா எண், இந்தியாவுக்குள் வந்த தேதி, எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகிறோம், கூட ஒரு புகைப்படம். நாம் தமிழ் பேசினாலும் முகம் அவர்கள் முகமாகவே இருந்தாலும் அந்தப் படிவத்துக்கு நாம் மலேசியர்தான்.

இதில் சித்தி மகள் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றது. வந்த தேதியெல்லாம் கேட்கிற படிவத்தை, ஆள் வந்து சேர்வதற்கு முன்னால் எப்படி முடிப்பார்கள்? முன்கூட்டியே படம் கேட்பது மேசையில் கூட்டம் சேராமல் இருக்க. அது அவர்கள் வசதி. அந்தப் படங்கள் எங்கே போகும் என்று கேட்டேன். "எங்கயும் போகாதுக்கா, அந்த போன்லயேதான் கிடக்கும்" என்றாள். அவள் ஹோட்டலிலும் வரவேற்பு மேசையில் எல்லா ஷிஃப்ட்டுக்கும் பொதுவாக ஒரு கைப்பேசி, பூட்டு எண் அதன் பின்னால் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும்.

அன்றிரவு கடப்பிதழை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். அதில் நம்முடைய ஐசி எண்ணும் அச்சாகியிருக்கிறது. வேறு நாட்டுக்காரருக்கு அது ஏதோ 12 இலக்கம். நமக்கு அப்படியில்லை. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. வங்கிக்குப் போன் போட்டால் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான். கடப்பிதழை மாற்றினால் அதன் எண் மாறிவிடும், ஐசி எண் சாகும்வரை கூடவே வரும். மதுரை விடுதிக்கு அது எதற்கு? அவர்கள் படிவத்துக்கு அது தேவையே இல்லை.

அதனால் மறைத்து அனுப்புவது என்று முடிவு செய்தேன். இதிலும் சொதப்பினேன். கைப்பேசியில் இருந்த மார்க்கர் பேனாவால் கறுப்பாகத் தேய்த்தேன். தம்பி படத்தை வாங்கி வெளிச்சத்தைக் கூட்டினான், எண் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பேனா பார்க்கத்தான் கறுப்பு, உண்மையில் அரைகுறைக் கண்ணாடி. சரி என்று முழுக் கறுப்புக் கட்டம் ஒன்றை மேலே வைத்து, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இப்ப பாரு" என்றேன். அவன் பார்த்துவிட்டு விரலைப் பக்கத்தின் அடியில் வைத்தான். கீழே, அம்புக்குறி மாதிரி குறிகளோடு எழுத்தும் எண்ணும் நெருக்கமாக ஓடுகிற இரண்டு வரிகள் இருக்கும், இயந்திரம் படிப்பதற்கு. அந்த இரண்டாவது வரியில் அதே 12 இலக்கம் மறுபடியும் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் அந்த வரிகளை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

கடைசியில் இரண்டு இடத்திலும் கட்டம் போட்டு, படத்தின் குறுக்கே, முகத்தையும் தொடுகிற மாதிரி, "மதுரை விடுதிப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி, விசா வந்ததும் எல்லாம் சேர்த்து விடுதியின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்புக்கு இல்லை. மின்னஞ்சல் மட்டும் பெரிய கோட்டையா என்று கேட்டால் இல்லைதான், ஆனால் மேசையில் நிற்கிற எல்லார் கையிலும் புரளாது. அவர்கள் எதையும் ஆட்சேபிக்கவில்லை. "நன்றி மேடம், ஒரிஜினல் கையில் கொண்டு வரவும்" என்று ஒரு வரி பதில், அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கா இரண்டு வாரம் தூக்கம் கெட்டேன்.

நடுவில் அத்தை கடப்பிதழ் விவகாரம். விசாவுக்குப் போடும்போதுதான் கவனித்தேன், ஐந்தே மாதம் மிச்சம். இந்திய விசாவுக்கு ஆறு மாதமாவது இருக்க வேண்டும். செபராங் ஜெயா குடிநுழைவு அலுவலகத்துக்கு ஓடினோம். அத்தைக்கு 60 தாண்டிவிட்டதால் 200-க்குப் பதில் 100 ரிங்கிட், காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்குள் புதியதோடு வந்துவிட்டார். ஆனால் முன்பதிவில் இருப்பது பழைய எண் ஆயிற்றே? பதறிப்போய் விடுதிக்கு எழுதினேன். வரும்போது கையில் இருப்பதுதான் கணக்கு, அந்தக் கட்டத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை என்றார்கள். அப்படியானால் கேட்பானேன்!

இந்தப் பழைய எண் எனக்கு ஒரு உதவி செய்தது.

கிளம்ப ஆறு வாரம் இருந்தபோது இன்னொரு செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இது முன்பதிவு செய்த செயலிக்குள்ளேயே, விடுதியோடு பேசிக்கொண்டிருந்த அதே பெட்டியில் வந்தது. அரசாங்க விதிப்படி விருந்தினர் விவரத்தைச் சரிபார்க்க வேண்டும், இந்த இணைப்பை அழுத்தவும், இல்லாவிட்டால் அறை ரத்தாகும். திறந்தால் சரியான தேதி, சரியான அறை, மேலே "திருமதி ஏபி". அந்தப் பெயரைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். உலகத்தில் வேறு யாருக்கு அந்தப் பெயர் தெரியும்? கடப்பிதழ் எண் கேட்டது. ஏற்கனவே கேட்டவர்கள்தானே என்று என் குறிப்பேட்டைப் பார்த்து அடித்தேன். அடுத்த பக்கம் வங்கி அட்டை எண்.

அட்டையை எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்தேன், 14:20, 14:19. ஆறு வாரம் கழித்துப் போகப்போகிற அறைக்குப் பதினைந்து நிமிஷக் கெடு எதற்கு? அதுவும் நாங்கள் போட்டிருந்தது அங்கே போய்ப் பணம் கட்டும் அறை. மூடிவிட்டு, அந்தச் செய்தியில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, விடுதியின் சொந்த இணையப் பக்கத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் நான் பாதி சொல்லும்போதே, "நாங்க அனுப்பலம்மா. எங்க கணக்குக்குள்ள எவனோ பூந்துட்டான். காலையில இருந்து நீங்க ஏழாவது ஆளு" என்றார். பாவம், அவர் குரலில் அழுகை மட்டும்தான் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், முதலில் உண்மையான விடுதி உண்மையாகவே கடப்பிதழ் கேட்டதால்தான் இரண்டாவதாக வந்தவன் கேட்டது எனக்கு உறுத்தவில்லை. கடப்பிதழுக்கு எந்தச் சட்டத்தையாவது காரணம் காட்ட முடியும். அதைச் சொல்லிக்கொண்டே அட்டை எண்ணுக்குத் தாவினால் அங்கேயே நிறுத்திவிடுவேன், இப்போது. அட்டை எண்ணும் போயிருந்தால் 997-க்கு அடித்திருப்பேன், நம் நாட்டில் மோசடிக்கென்றே உள்ள எண் அது. தேவைப்படவில்லை. நான் அவனுக்குக் கொடுத்த கடப்பிதழ் எண்கூட, பிறகு பார்த்தால், குறிப்பேட்டில் அடிக்காமல் விட்டிருந்த அத்தையின் பழைய எண். செபராங் ஜெயாவில் ரத்தான கடப்பிதழ். "திருமதி ஏபியை யாராலயும் ஏமாத்த முடியாது" என்று அத்தை அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இராமேஸ்வரத்துக்கு ஓர் இரவு போகலாம் என்று கோயில் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜுக்கும் அழைத்துக் கேட்டேன். நன்றாகத்தான் பேசினார், ஊர் கேட்டார், மலேசியா என்றதும் "ஃபாரினர் எடுக்கிறதில்லைங்க" என்று வைத்துவிட்டார். அந்தப் பதிவுக்கான கணக்கு இல்லாத சின்ன இடங்கள் பல இப்படித்தான் சொல்லுமாம். கோபம் வந்தது, ஆனால் டாக்சி பிடித்துப் போய் வாசலில் நின்று கேட்டிருந்தால் இன்னும் மோசம். நாள் முழுக்கப் பயணம் செய்த இரண்டு வயதானவர்களை வைத்துக்கொண்டு எங்கே போவது? அதனால் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் முன்பதிவுக்கு முன்னாலேயே, வெளிநாட்டுக் கடப்பிதழுக்கு அறை கொடுப்பீர்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

மதுரை மேசையில் நடந்தது சின்னக் கதை. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தப் பையன் "ஆதார் குடுங்கம்மா" என்றான். அம்மா கம்பீரமாக மைகாட்டை, அதாவது நம் ஐசியை, எடுத்து நீட்டினார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடப்பிதழ்களைக் கொடுத்தோம், விசாவோடு ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, மூன்று பேரையும் சுவரோரம் நிற்கவைத்துப் படம் பிடித்து, கால் மணி நேரத்தில் சாவி தந்தான். நான் கட்டம் கட்டமாக மறைத்து அனுப்பியதை எவரும் திறந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடப்பிதழ்களை ராத்திரி மேசையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான், முடியாது என்றேன், சரி என்று உடனே கொடுத்துவிட்டான்.

ஊர் திரும்பியதும் படங்களை அழித்துவிடச் சொல்லி எழுதினேன். "டெலிட் பண்ணியாச்சு மேடம்" என்று கும்பிடுகிற கைகளோடு பதில் வந்தது. நம்பித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் சித்தி மகளைப் பட்டர்வொர்த்தில் ஒரு நாசி கண்டார் கடையில் பார்த்தேன். என் கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்கும் உறுத்தியிருக்கிறது. மேசைக் கைப்பேசியின் படத்தொகுப்பைத் திறந்து பார்த்தாளாம். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் தானாகச் சேமிக்கும்படி வைத்திருந்ததால், இரண்டு வருஷத்துக் கடப்பிதழ்கள் அப்படியே வரிசையாகக் கிடந்தன. ஜெர்மன், சீனா, சவூதி, எல்லா முகமும். மூன்று இரவு ஷிஃப்ட் உட்கார்ந்து அழித்தாளாம். "நடுநடுவுல மேனேஜரோட பூனை படம் ஒரு அறுபது இருந்துச்சுக்கா, அதை மட்டும் விட்டுவெச்சேன்" என்றபடி பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்துக் கொண்டுவந்ததைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.