நடை சாத்தியிருந்தபோது கேட்ட இடக்கை

தங்கை மகன் பிறந்தபோது எடை 1,400 கிராம். கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே அம்மா வேண்டிக்கொண்டாள், பிழைத்து வந்தால் குருவாயூரில் கதலிப்பழத் துலாபாரம் என்று. அவனுக்கு இரண்டு வயது முடிந்தும் போக முடியவில்லை. போன மாதம் ஒருநாள், "கண்ணன் கணக்கு வெச்சிருப்பான், பாத்துக்க" என்றாள். அதற்குமேல் தாங்குமா? கோவையில் ரயிலேறி, திருச்சூரில் இறங்கி, பஸ் பிடித்தோம்.

விடியுமுன் கிடைக்கும் முதல் தரிசனமான நிர்மால்யம் பார்த்துவிடலாம் என்று இரவு இரண்டு மணிக்கே குளித்துவிட்டு வந்தால், வரிசை அதற்கு முன்பே வளைந்து வளைந்து கிடந்தது. தலைக்கு இவ்வளவு கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சன்னிதியில் நிறுத்துகிறேன் என்று ஒருவன் தமிழிலேயே பேசிக்கொண்டு கூடவே நடந்தான். எந்த க்ஷேத்திரத்துக்குப் போனாலும் இந்த ஆட்களுக்கு மட்டும் நம் மொழி எப்படித்தான் தெரிந்துவிடுகிறதோ! மூட்டு வலியோடு அம்மா தரையில் உட்காருவதும் எழுவதுமாக மணிக்கணக்கு ஓடியது. நிர்மால்யம் போயே போயிற்று.

சுவாமி கோயிலைச் சுற்றி வரும் காலைச் சீவேலிக்கு யானைமேல் திடம்பு, அதாவது உற்சவ மூர்த்தி, வந்தது. முன்னால் செண்டை மேளம். தோளில் தொங்கும் அந்தப் பெரிய உருளையின் மேல்முகத்தில் இரண்டு கோலும் விழ விழ, அடி நம் நெஞ்சுக்குள் விழுகிறது. பையன் அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அப்புறம் சன்னிதியைச் சுற்றியிருக்கும் நாலம்பலத்துக்குள் தள்ளப்பட்டு, இதோ தெரியப் போகிறது என்கிற இடத்துக்கு வந்தோம். பூஜைக்காக நடையைச் சாத்திவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சன்னிதிக்கு ஏறும் சோபானப் படியோரம் ஒருவர் ஜெயதேவரின் அஷ்டபதி பாடத் தொடங்கினார். இடது தோளில் ஒரு சின்ன வாத்தியம். கோலால் அடிக்கிற தோல்தான், ஆனால் பாட்டு ஏறும்போது அதுவும் ஏறுகிறது, குழைந்தால் அதுவும் குழைகிறது.

"நம்ம கோயில் உடுக்கையாட்ட இருக்குதே" என்றாள் அம்மா.

பின்னால் நின்ற பாலக்காட்டு மாமா ஒருவர் மெதுவாக, "உடுக்கையும் இல்லை, செண்டையும் இல்லை, கேட்டேளா. இடக்கா" என்றார். அம்மா சொன்னதிலும் தப்பில்லை. இதற்கும் நடு இடுப்பு ஒடுங்கித்தான் இருக்கிறது. ஆனால் உடுக்கையை விரலால் தட்டுவோம். இதற்கு வலது கையில் மெல்லிய ஒற்றைக் கோல். செண்டைக் கயிற்றை முன்பே இழுத்து முறுக்கிவிடுவார்கள், வாசிக்கும்போது சுருதி அசையாது. இடக்காவில் இடது கை நடுக்கயிற்றை அழுத்தி அழுத்தி விடுகிறது. தோல் இறுகியும் தளர்ந்தும் சுரம் பிறப்பது அதனால்தான். தொங்குகிற வண்ணக் குஞ்சங்கள் 64, அது கலைகளின் கணக்காம். வாசித்து முடித்தால் தரையில் வைக்க மாட்டார்களாம், மாட்டித்தான் வைப்பார்களாம். சிலப்பதிகார உரையில் வாத்தியப் பெயர்களோடு 'இடக்கை' என்று வரும். என்னவென்று தெரியாமலே தாண்டிப் போயிருக்கிறேன். கண்ணன் வாசலில் வைத்துக் காட்டிக் கொடுத்தான்.

மாமா இன்னும் என்னவோ சொன்னார். காதில் விழவில்லை. பையன் அழுகையை நிறுத்திவிட்டு, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு அடங்கவும் மணி அடித்தது, கதவு திறந்தது. உள்ளே வரிசை வரிசையாக விளக்கு. அதன் நடுவில் என் அப்பன்.

மூன்று எண்ணுவதற்குள் நகர்த்திவிட்டார்கள். கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வந்தது ஒன்றுகூட நினைவில்லை. "குடுத்தியே, குடுத்தியே" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் நடை திறந்தே இருந்திருந்தால் அந்த இடக்கையை நின்று கேட்டிருப்பேனா? சாத்தியதும் அவன்தான், திறந்ததும் அவன்தான். என்னத்தைச் சொல்வேன்!

துலாபாரத் தட்டில் உட்காரவைத்தபோது பையன் கொஞ்சமும் பயப்படவில்லை. எதிர்த் தட்டில் கதலிப்பழம் சீப்புச் சீப்பாக ஏறியது. 11 கிலோவில் தட்டு சமமாகி நின்றது. அம்மா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "இன்னொரு சீப்பு வைங்க சாமி, அவன் பக்கம் குறைய வேண்டாம்" என்றாள்.