டெலீட் பட்டனை எங்கே வைப்பது?
கோத்தகிரியில் செம காற்று. எங்கேயோ சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்து கரண்ட் இல்லை. லேப்டாப்பும் படுத்துவிட்டதால் பேப்பரில் ஸ்கிரீன் வரைந்துகொண்டிருக்கிறேன்.

வேலை, விர்ச்சுவல் ஸ்டோரேஜ் அடாப்டர்களை (விர்ச்சுவல் மெஷினை டிஸ்க்கோடு இணைக்கும் மென்பொருள் இணைப்பான்கள்) நிர்வகிக்கும் பக்கம். ஐபிஎம் பவர் சர்வர்களில் ஒவ்வொரு விர்ச்சுவல் ஃபைபர் சேனல் அடாப்டருக்கும் ஒரு ஜோடி டபிள்யூடபிள்யூபிஎன் எண்கள் உண்டு; ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்கள். ஒன்று வழக்கமான வேலைக்கு, இன்னொன்று ஓடும் விர்ச்சுவல் மெஷினை வேறு சர்வருக்கு மாற்றும்போது. ஸ்டோரேஜ்காரர்கள் இந்த எண்களை நம்பித்தான் டிஸ்க்கைத் திறந்துவிடுகிறார்கள். அடாப்டரை அழித்து மறுபடி உருவாக்கினால் தானாகப் பழைய எண் வராது, புது ஜோடிதான். டிஸ்க் ஒன்றுகூடத் தெரியாது!

'நிச்சயமாக அழிக்கவா?' என்ற பெட்டியால் பைசா பிரயோஜனமில்லை. யார் படிக்கிறார்கள்? போகப்போகும் இரண்டு எண்களையும் அந்தப் பெட்டியிலேயே காட்டி, பக்கத்தில் காப்பி பட்டன் வைக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் 16 இலக்க ஹெக்ஸ் எண் (0-9, A-F கலந்தது). ஒரே சர்வரில் முன்பாதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் வாலில்தான். டேபிள் காலத்தில் (column) இடமில்லை என்று வாலை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் புண்ணியவான்களை என்ன சொல்ல? வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள்.

அப்புறம் விஎம்வேர் (இன்னொரு விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்) பக்கம். டிஸ்க்கை இணைக்கும் ஸ்கஸி முறையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எண்; 7-ஆம் எண் மட்டும் அவற்றை இயக்கும் கன்ட்ரோலருக்கே ஒதுக்கியது. பட்டியலில் 6-க்கு அடுத்து 8 வந்தால் 'பக்' (மென்பொருள் பிழை) என்று புகார் டிக்கெட் போடத் தோன்றும். 7-ஐ மறைக்காமல் சாம்பல் நிறத்தில் காட்டி, 'கன்ட்ரோலருக்கு' என்று எழுதினால் போதும்.

ஸ்டோரேஜ் அட்மின் நண்பர்களே, உங்களை எரிச்சலூட்டும் ஸ்கிரீன் எது? கமெண்டில் கொட்டுங்கள்.